வெண்பொடியா, மாவுப்பூச்சியா? சதைப்பற்றுச் செடிகள் குறித்து வாசகர்களின் ஐயங்களும் விளக்கங்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள் வளர்க்கும் சக்குலன்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகளைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றியவை. ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் “எந்த மருந்தைத் தெளிப்பது?” என்றே முடிகின்றன. மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன், செடியில் இருப்பது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம் என்பதால், இப்பகுதியில் அடையாளம் காண்பதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவற்றை நீங்களே பார்த்துவிடலாம்.

கேள்வி: என் எச்செவேரியாவின் நடுவில், இலைகள் சேரும் இடுக்குகளில், வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டு முறை தண்ணீரால் கழுவினேன். பத்து நாட்களில் மீண்டும் வந்துவிட்டது. இலைகள் முழுவதும் வெண்ணிறப் பொடியும் படிந்திருக்கிறது. அதையும் துடைத்துவிட வேண்டுமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுபவை இரண்டு வெவ்வேறு பொருள்கள், ஒன்றை நீக்க வேண்டும், மற்றொன்றைத் தொடவே கூடாது. இலைப்பரப்பு முழுவதும் சீராகப் படிந்திருக்கும் வெண்பொடி, செடி தானாகவே சுரக்கும் மெழுகு. கடும் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பவும், இலையின் ஈரம் ஆவியாகாமல் காக்கவும், நீர்த்துளிகள் இலையில் தங்காமல் உருண்டோடவும் அது உதவுகிறது. முதிர்ந்த இலையில் அந்தப் பூச்சு அழிந்துவிட்டால் அதே இலையில் பழையபடி திரும்புவதில்லை. செடி வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் அதை நோய் என்று எண்ணி ஈரத்துணியால் துடைத்தேன். என் விரல் பட்ட தடங்கள் அந்த இலைகள் காய்ந்து உதிரும் வரை அப்படியே இருந்தன. ஆகவே, அந்தப் பொடியை விட்டுவிடுங்கள்.

இடுக்குகளில் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. கண்ணாடியின் வழியே பார்த்தால், பஞ்சுக்குள் நீள்வட்டமான, குறுக்கே மடிப்பு மடிப்பான உடலும், அதன் விளிம்பைச் சுற்றி நூல் போன்ற மெழுகு இழைகளும் தெரியும். ஊசி முனையால் மெல்லத் தள்ளினால் கால்கள் அசையும். பஞ்சுக்குச்சியால் நசுக்கினால் ஈரக் கறை படியும். செடியின் மெழுகு விரலில் உலர்ந்த தூளாகவே ஒட்டும் என்பதால், இந்தச் சிறு சோதனையிலேயே குழப்பம் தீர்ந்துவிடும்.

கழுவிய பிறகும் அது திரும்பி வருவதற்குக் காரணம் முட்டைப்பை. எலுமிச்சை இனச் செடிகளிலும் வீட்டுச் செடிகளிலும் பரவலாகக் காணப்படும் மாவுப்பூச்சியின் பெண், பஞ்சு போன்ற பைக்குள் 300 முதல் 600 வரை முட்டைகளை இடக்கூடியது. மெழுகு பூசிய அந்தப் பையில் நீர் ஒட்டுவதில்லை. வெளியே தெரியும் பூச்சிகள் போனாலும் உள்ளே இருக்கும் முட்டைகள் தப்பி, அடுத்த சில நாட்களில் இருந்து மூன்று வாரங்களுக்குள் பொரிக்கின்றன. பொரித்த குஞ்சுகள் மெழுகுப் போர்வை இல்லாமல், மஞ்சள் நிறப் புள்ளிகளாக ஊர்ந்து புதிய இடுக்குகளைத் தேடும். எளிதில் அழிக்கக்கூடிய பருவம் அதுதான். இதனால்தான் ஒரே முறை கடுமையாக மருந்தடிப்பதைவிட, வாரம் ஒருமுறை தவறாமல் மென்மையாகச் செய்யும் சிகிச்சை நன்றாகப் பலனளிக்கிறது.

முதலில் செடியை மற்ற செடிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். அடியில் உள்ள காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். பூச்சிகள் அதிகம் ஒளிந்திருப்பது அவற்றின் அடியில்தான். பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, இலைப்பரப்பில் தேய்க்காமல், பூச்சியின் மீது மட்டும் தொட்டு வையுங்கள். ஆல்கஹால் மெழுகைக் கரைத்து உடலுக்குள் இறங்கியதும் வெண்மை மறைந்து, பூச்சி பழுப்பு நிறமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதே ஆல்கஹால் செடியின் மெழுகையும் கரைக்கும் என்பதால் எச்செவேரியாவின் மீது தெளிப்பானைப் பயன்படுத்த வேண்டாம். குச்சி நுழையாத இடுக்கில் சிறிய தூரிகையைக் கொண்டு செய்யுங்கள். நிழலிலும் தீயிலிருந்து விலகியும் செய்வது கட்டாயம். அன்று செடியை நேர்வெயிலில் வைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, ஆறு வாரங்கள் தொடருங்கள். மூன்றாவது வாரத்தில் ஒன்றும் தென்படவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மீண்டும் பூச்சி வந்ததாக எனக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

கேள்வி: வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் ஆகியவை பாதுகாப்பானவைதானே? ஜேட் செடிக்குச் சோப்புக் கரைசல் தெளித்தேன். இலைகளில் புள்ளி விழுந்து உதிர்ந்துவிட்டன.

பதில்: இயற்கையானது, மென்மையானது என்பதனாலேயே ஒரு பொருள் எல்லாச் செடிகளுக்கும் ஏற்றதாகிவிடாது. ஜேட் செடி பூச்சிக்கொல்லிச் சோப்புக்கும் எண்ணெய்க்கும் எளிதில் பாதிக்கப்படும் செடிகளுள் ஒன்று. பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தியிருந்தால் பாதிப்பு இன்னும் கூடியிருக்கும். அதில் கலந்துள்ள கொழுப்பு நீக்கிகளும் நறுமணப் பொருள்களும் இலையை நோக்கமாகக் கொண்டு தயாரிக்கப்பட்டவை அல்ல. எண்ணெயோ சோப்போ பயன்படுத்துவதாக இருந்தால், தோட்டத்துக்கென்று தயாரிக்கப்பட்டதை அதன் சீட்டில் உள்ள அளவில் கலந்து, ஓர் இலையில் மட்டும் தடவி, இரண்டு மூன்று நாட்கள் காத்திருந்து பாருங்கள். வெண்பொடி பூத்த செடிகளுக்கும் மென்மயிர் அடர்ந்த கலஞ்சோ வகைகளுக்கும் இவை வேண்டாம் என்பதே என் கருத்து. பச்சையாகப் பளபளக்கும் கடினமான இலைகளைக் கொண்ட ஹாவோர்த்தியா, காஸ்டீரியா போன்றவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அவற்றுக்கும் மாலை நேரத்தில் தெளிப்பதே நல்லது.

கேள்வி: அதே ஜேட் செடி வகையில் இலை முழுவதும் ஊசி குத்தியது போன்ற வெண்புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. அவை நகரவும் இல்லை, பெருகவும் இல்லை. இதுவும் பூச்சியா?

பதில்: இல்லை. ஜேட் செடியின் இலையில் நீர் கசிவதற்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியானதும் அதில் கரைந்திருந்த உப்புகள் வெண்புள்ளிகளாக எஞ்சுகின்றன. ஈரமான பஞ்சால் துடைத்தால் போய்விடும். இதற்கு மருந்தடித்து இலைகளை இழந்தவர்களின் கடிதங்களும் எனக்கு வந்திருக்கின்றன.

ஆனால் தண்டிலும் இலை நரம்பின் ஓரத்திலும் பழுப்பு நிறத்தில் சிறிய மேடுகள் இருந்து, நகத்தால் நெம்பினால் ஓடு போலக் கழன்று வந்தால், அது செதில் பூச்சி. முதிர்ந்த செதில் பூச்சியை எந்தத் தெளிப்பும் எளிதில் ஊடுருவாது. பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆல்கஹாலைத் தொட்டு வைப்பதே முறையான வழி. பூச்சி வெளியிடும் இனிப்புக் கழிவால் இலைகள் பிசுபிசுப்பாக இருந்தால் அது மென்செதில் வகை. கடினமான கவசம் கொண்ட வகை அந்த இனிப்புக் கழிவை வெளியிடுவதில்லை.

கேள்வி: செடி வாடிச் சுருங்குகிறது, தண்ணீர் ஊற்றினாலும் இலைகள் நிமிரவில்லை. மேலே எந்தப் பூச்சியும் இல்லை. என்ன செய்வது?

பதில்: மேலும் தண்ணீர் ஊற்றாமல், செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். வேர்கள் பழுப்பாகி, நசுங்கி, துர்நாற்றம் வீசினால் அது வேர் அழுகல். வேர்கள் திடமாக இருந்து, அவற்றின் மீதும் தொட்டியின் உட்சுவரிலும் நீலம் கலந்த வெண்மெழுகுத் திட்டுகள் ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணில் கலந்த பெர்லைட் எனும் இலேசான வெண்ணிறக் கல் துண்டுகளை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெர்லைட் விரல்களுக்கிடையில் மொறுமொறுவென நொறுங்கும், பூச்சி நசுங்கும்.

பழைய மண்ணை முழுவதுமாக உதிர்த்து, வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். வேர்களை ஓடும் நீரில் நன்றாக அலசி, சேதமான மெல்லிய வேர்களை நறுக்கிவிட்டு, வெட்டுக்காயங்கள் உலர நான்கைந்து நாட்கள் நிழலில் வெறுமனே வையுங்கள். சதைப்பற்றுச் செடி இதைத் தாங்கும். தன் இலைகளிலேயே நீரைச் சேமித்து வைத்திருப்பதால் மற்ற செடிகளுக்குச் செய்ய முடியாத இந்தச் சிகிச்சையை இதற்குச் செய்யலாம். தொட்டியைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கொதிநீரில் கழுவி, புதிய உலர்ந்த மண்கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்தே தண்ணீர் விடுங்கள். பல தொட்டிகளை ஒரே தட்டில் வைத்திருந்தால், வடியும் நீரின் வழியாகவும் துளை வழியே நீளும் வேர்களின் வழியாகவும் பூச்சி பரவியிருக்கக்கூடும். அந்தத் தட்டில் இருந்த ஒவ்வொரு செடியையும் எடுத்துப் பார்ப்பது சிரமமான வேலைதான்; ஆனாலும் செய்யுங்கள்.

செடிக்குள் உறிஞ்சப்பட்டுப் பரவும் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி மருந்தை வேரில் இடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேர்ப் பூச்சிக்கு அது பலன் தரும். ஆயினும் அது பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கலந்து தேனீக்களுக்கு நஞ்சாகும் என்பதால், பூக்கும் செடிக்கோ, பூக்கும் காலத்தில் வெளியே வைக்கப்படும் செடிக்கோ அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: கள்ளிச் செடியின் உச்சியில் துரு நிறத்தில் சொரசொரப்பான தழும்பு பரவுகிறது. பூச்சிக்கொல்லி தெளித்தும் நிற்கவில்லை.

பதில்: வயதான கள்ளியில் அடிப்பகுதி பழுப்பாகித் தக்கை போல மாறுவது இயல்பு, அது கீழிருந்து மேலே மெல்ல ஏறும். உங்களுடையது இளந்தளிர் உள்ள உச்சியில் தொடங்கியிருப்பதால் செஞ்சிலந்தியைச் சந்தேகிக்கிறேன். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இதற்கு எட்டுக் கால்கள். இது பூச்சி அல்ல, சிலந்தியின் உறவு. அதனால்தான் சாதாரணப் பூச்சிக்கொல்லிகள் இதனிடம் தோற்றுவிடுகின்றன. இதை உண்ணும் நன்மை செய்யும் உயிர்களை அவை கொன்றுவிடுவதால், சில வேளைகளில் செஞ்சிலந்தி முன்பைவிட அதிகமாகவும் பெருகும். செடிக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்து, உச்சியைத் தூரிகையால் தட்டுங்கள். விழும் தூசிகளில் சில நிதானமாக நகரத் தொடங்கினால் ஐயமே வேண்டாம்.

வெப்பமும் வறட்சியும் மிகுந்த காற்றில், முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை ஏறக்குறைய ஒரு வாரத்தில் இது வளர்ந்துவிடும். ஆகவே மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, உச்சியில் நீர் தேங்காமல் காற்றோட்டத்தில் உலர விடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நீரில் கரையும் கந்தகத் தூளைச் சீட்டில் உள்ள அளவில் தெளிக்கலாம். வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளிலோ, எண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள்ளோ கந்தகம் பட்டால் செடி கருகிவிடும். பழைய தழும்பு மறையாது. உச்சியிலிருந்து பச்சையாக வரும் புதிய வளர்ச்சியை வைத்தே குணமடைவதை அறிய வேண்டும்.

கேள்வி: கற்றாழையின் இலையோரத்திலும் பூந்தண்டிலும் கொப்புளம் கொப்புளமாகக் கட்டி வளர்கிறது. ஆல்கஹால் தடவினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்சிலந்தி கற்றாழையின் திசுக்களைத் தூண்டி இத்தகைய கட்டிகளை உருவாக்குகிறது. அது கட்டியின் மடிப்புகளுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் மேலே தடவும் எதுவும் அதை எட்டாது. கட்டியுள்ள பகுதியை, நல்ல திசு தெரியும் வரை ஆழமாக வெட்டி எடுத்து, உறையில் இட்டு மூடி அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியை ஆல்கஹாலால் துடையுங்கள். குருத்திலேயே கட்டி வந்திருந்தால் செடியை இழப்பதே மற்றக் கற்றாழைகளுக்கு நல்லது. வளர்த்தவருக்கு இது எவ்வளவு வேதனையானது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: பூந்தண்டில் பச்சை நிறப் பூச்சிகள் மொய்க்கின்றன; எறும்புகளும் வருகின்றன.

பதில்: அசுவினி. பூந்தண்டை அடியோடு நறுக்கிவிட்டால் பெரும்பகுதி அதனுடனே போய்விடும். எஞ்சியதை நீரால் கழுவலாம். எறும்புகள் இனிப்புக் கழிவுக்காக வந்து, அசுவினியை உண்ண வரும் பிற பூச்சிகளை விரட்டுகின்றன. எனவே எறும்பு ஏறும் வழியையும் அடைத்துவிடுங்கள். செடி பால் வடியும் யூஃபோர்பியா வகையாக இருந்தால் கையுறை அணிந்துகொண்டே வெட்டுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பாதிப்பும் உண்டாகும்.

கேள்வி: உங்கள் முந்தைய அறிவுரைப்படி மாவுப்பூச்சிகளை அகற்றி வந்தேன். இப்போது பால்கனிச் செடியில் அவற்றைப் போலவே வெண்மையான, ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரிய ஒன்று விரைந்து ஓடுகிறது. ஆல்கஹாலைத் தொட்டு வைத்தும் பயனில்லாத புதிய வகையோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து அதன் மீது ஆல்கஹாலை வைக்க வேண்டாம். நீங்கள் வரைந்து அனுப்பியுள்ள படத்தில் உடல் முழுவதும் நீண்டு தொங்கும் மெழுகுச் சடைகள் இருக்கின்றன. அது பெரும்பாலும் மாவுப்பூச்சியை உண்டு வாழும் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அந்த வண்டினம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தவென்றே கொண்டு செல்லப்பட்டு, பின்னர் பல நாடுகளில் பரவியது. இரையைப் போலவே தானும் வெண்மெழுகைப் போர்த்திக்கொண்டு அதன் கூட்டத்துக்குள்ளேயே அது உலவும். வேகத்தை வைத்தே இரண்டையும் பிரித்தறியலாம்: மாவுப்பூச்சி அசைவதே அரிது, இது நிற்பதே அரிது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு சிறிது நேரம் பொறுமையாகப் பாருங்கள். முட்டைப்பை ஒன்றைக் கிழித்து, உள்ளே தலையை நுழைப்பது தெரியும். அது செடியில் இருக்கும் வரை உங்கள் வாராந்தரச் சிகிச்சையை நிறுத்தி வைத்துவிட்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகு மீண்டும் எழுதுங்கள்.