பாராகார்ட் கைப்பட்டை: பின்னல் முறுக்கிக்கொள்வது ஏன்?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் சாரணர் முகாமுக்குப் போகிறான். ஆபத்துக்கு உதவும் என்று பாராகார்ட் கைப்பட்டை ஒன்றை வீட்டிலேயே பின்னிப் பார்த்தோம். பட்டையாக வராமல் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டே போகிறது. எத்தனை மீட்டர் கயிறு வேண்டும்? உண்மையிலேயே இது உதவுமா?

பதில்: உதவும், நல்ல கயிறாக இருந்தால். அதனால் முதலில் கயிற்றைப் பாருங்கள்.

பாராசூட்டில் தொங்கும் கயிறாகப் பிறந்ததுதான் பாராகார்ட். கடைகளில் ‘550’ என்று விற்பது அதன் மூன்றாம் வகை. 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ இழுவை வரை அறுந்துவிடாமல் தாங்க வேண்டும் என்பது அந்த எண்ணின் பொருள். 4 மில்லிமீட்டர் தடிமன். நெய்த நைலான் உறைக்குள் பொதுவாக ஏழு புரிகள். ஒவ்வொரு புரியும் இரண்டு மூன்று மெல்லிய நூல்களை முறுக்கியது. உங்கள் கயிற்றின் நுனியை வெட்டி உள்ளே இருப்பதை உருவிப் பாருங்கள். பஞ்சுபோல முறுக்கில்லாத வெள்ளை இழை வந்தால் அது அலங்காரக் கயிறு. உருவிய துண்டை நனைத்து, காற்றுப் போகப் பிழிந்து, தண்ணீரில் போட்டும் பார்க்கலாம். நைலான் மூழ்கும், மலிவான பாலிபுரொப்பிலீன் மிதக்கும்.

நைலான் முதல்முறை நனைந்து காயும்போது கொஞ்சம் சுருங்கும். பின்னுவதற்கு முன்பே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் காயவிட்டால், மழையில் நனைந்த பிறகு பட்டை மணிக்கட்டை இறுக்காது.

அளவு எளிது. மணிக்கட்டின் சுற்றளவோடு இரண்டரை சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதுதான் பக்கிளை மாட்டிய நிலையில் பட்டையின் நீளம். அதில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 12 சென்டிமீட்டர் கயிறு போகும். பிடித்துக்கொள்ள முனை வேண்டுமே, அதற்கு அரை மீட்டர் கூடுதலாக வையுங்கள். 18 சென்டிமீட்டர் கைக்கு மூன்று மீட்டர் போதும்.

கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பைப் பக்கிளின் ஒரு பாதிக்குள் நுழையுங்கள். இரு முனைகளையும் அந்த மடிப்புக்குள்ளே விட்டு இழுங்கள். பிறகு முனைகளை மற்றப் பாதிக்குள் கோத்து, நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டு, அங்கிருந்து திரும்பிப் பின்னி வாருங்கள். நடுவில் ஓடும் இரண்டு கயிறும் நகரக் கூடாது. இடது முனையை அவற்றின் மேலாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். வலது முனை அதன்மேல் இறங்கி, நடுக்கயிறுகளின் பின்னால் போய், இடப்பக்க வளையத்துக்குள்ளிருந்து வெளியே வரட்டும். இழுத்து இறுக்குங்கள். அடுத்த முடிச்சை வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள், அதனால்தான் முறுக்கிக்கொள்கிறது. இதற்கு ஒரு வழி சொல்கிறேன்: முதலில் மேலே போன முனையில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் இருந்தாலும் கடைசிவரை அந்த முனையே முன்னால் குறுக்கே போக வேண்டும். பிசகவே பிசகாது.

முடிந்ததும் மிச்ச முனைகளை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி, லைட்டரில் உருக்கி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். விரலால் வேண்டாம். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும், ஆகவே இந்த வேலையை நீங்களே செய்யுங்கள்.

பிரித்தால் இரண்டரை மீட்டர் கயிறு கையில் இருக்கும். தார்ப்பாயைக் கட்டலாம், அறுந்த செருப்பு வாரை ஒட்டுப்போடலாம், உள்புரியை உருவிப் பை தைக்கலாம், அடிபட்ட கையைத் தூக்கிக் கட்டலாம். ஆனால் ஆளைத் தாங்கும் கயிறாக இதை நினைக்கவே கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலு குறையும். விழும் உடம்பின் திடீர் இழுப்பு 250 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இன்னொன்றை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். பாம்பு கடித்தால் இந்தக் கயிற்றை எடுத்துக் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது. இரத்த ஓட்டம் நின்று அந்தக் கையோ காலோ பாழாகும். கடிபட்ட பகுதியை அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதுதான் முதலுதவி.

முகாமுக்கு முன் ஒரு பட்டையை அவனே முழுதாகப் பிரித்துப் பார்க்கட்டும். உருக்கிய முனையைக் கத்தியால் சீவினால்தான் முதல் முடிச்சு அவிழும். அவசரத்தில் பல்லால் கடித்துக்கொண்டு நிற்காதபடி, சிறு கத்தியையும் பையில் எடுத்துப்போகலாமா என்று சாரண ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.