தடைக்காலத்தில் சிலம்பக் கட்டணம் எப்படிக் கட்டுவது?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். ஒரு முறை கடலுக்குப் போய் வந்தால் 800 முதல் 1,500 ரூபாய் வரை கிடைக்கும். சில நாள் டீசலுக்கே சரியாகிவிடும். நான் மல்லிகை நாற்றுத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறேன். வேலை இருக்கிற நாளில் 350 ரூபாய். மகளுக்கு ஏழு வயது. பக்கத்துத் தெருவில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, ஒட்டடைக் கம்பை எடுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். மாதம் 400 ரூபாய் கட்டணம், சீருடைக்கும் கம்புக்கும் 1,500, மூன்று மாதத்தில் மதுரையில் ஒரு போட்டி, அதற்கு 2,500 ஆகும் என்கிறார் மாஸ்டர். ‘மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், பார்ப்போம்’ என்கிறார் கணவர். நாத்தனாருக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், பிள்ளையின் எதிர்காலத்துக்கு மாதம் 1,000 ரூபாய் கட்டி ஒரு பாலிசி எடுக்கச் சொல்கிறார். பொங்கல் முடிந்ததிலிருந்து இதே யோசனைதான். என்ன செய்யலாம்?

பதில்: சேர்த்துவிடுங்கள், சகோதரி. ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். பிப்ரவரியிலேயே சேருங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். பள்ளிக்கு முழுப்பரீட்சை லீவும் அதே சமயத்தில்தான் வருகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சிக்குப் போக பிள்ளைக்கு நேரம் கிடைப்பது அப்போதுதான். அப்புறம் ஜூனில் பள்ளி திறந்ததும் நோட்டு, பை, செருப்பு என்று வரிசையாக வரும். மாதம் 400 ரூபாய் உங்கள் வீட்டுக்குத் தாங்காத தொகை இல்லை. மே மாதத்து 400தான் தாங்காது. அதனால் மே மாதத்துப் பணத்தை மார்ச்சிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்கள் மாதக் கணக்கில் சேமிக்கலாம். உங்களுக்கு அது ஒத்துவராது. கடலுக்குப் போய் வந்த நாளைக் கணக்கில் வையுங்கள். உங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள். தடைக்காலம் போக வருடத்தில் 43 வாரம் என்றால் 129 நாள் வருகிறது. புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாள், வேலைநிறுத்தம், படகு பழுது, வெறுங்கையோடு வந்த நாள் எல்லாவற்றையும் கழித்து, பணம் வந்த நாள் 90 என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் வருடத்துக்கு 4,800, கம்பும் சீருடையும் 1,500, மொத்தம் 6,300 ரூபாய். அதை 90 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 70 ரூபாய்.

இந்த வருடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வையுங்கள். இன்று முதல் ஏப்ரல் பாதி வரை பணம் வரும் நாள் 25 தேறும். அந்த 25 நாளும் 100 ரூபாய் வைத்தால் 2,500 ஆகிறது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஐந்து மாதக் கட்டணம் 2,000 போக மீதி 500. ஜூன் 15க்குப் பிறகு 70 போதும். கணவர் பங்குப் பணத்தோடு வீட்டுக்குள் வந்த உடனே, கடைக்கடனுக்கும் மற்றதுக்கும் பிரிப்பதற்கு முன்பே, அந்த நோட்டைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். மகள் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஒரு நோட்டுக்கு அப்பா எத்தனை மணி நேரம் கடலில் நின்றார் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

மாஸ்டரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். ‘மே, ஜூன் கட்டணத்தை மார்ச் கடைசியிலேயே கட்டிவிடுகிறோம்’ என்று சொல்லுங்கள். கடற்கரை ஊரில் வகுப்பு நடத்துகிறவருக்குத் தடைக்காலம் தெரியாமல் இருக்காது. மே மாதம் எத்தனை பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். முன்கூட்டியே கட்டுகிறவர்களை அவர் வரவேற்கத்தான் செய்வார்.

தடைக்காலத்தில் படகு முதலாளியிடம் வாங்குகிற முன்பணத்தில் இந்தக் கட்டணத்தைச் சேர்க்காதீர்கள். 400 ரூபாய் அங்கே சின்னதாகத்தான் தெரியும். ஆனால் முன்பணம் கூடக்கூட வேறு படகுக்கு மாறுகிற சுதந்திரம் குறைந்துகொண்டே போகும். அரசு தருகிற 8,000 ரூபாய் நிவாரணத்தையும் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வையுங்கள். அது இன்ன தேதியில் கைக்கு வந்துவிடும் என்று நம்பி எந்தக் கடனும் வாங்க வேண்டாம். மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்தில் நீங்கள் உறுப்பினரா? சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திரும்பி வரும். உறுப்பினர் இல்லையென்றால் இந்த மாதமே சங்கத்தில் போய்க் கேளுங்கள்.

இனி கம்பு. சிலம்பத்தில் முதலில் காலடிதான். கால் பழகிய பிறகுதான் கம்பு கைக்கு வரும். அதனால் 1,500 ரூபாயை முதல் நாளே கொடுக்க வேண்டியதில்லை. நெற்றி உயரத்துக்கு ஒரு சாதாரண மூங்கில் கம்பு போதும். அதற்குத்தான் டப்பாவில் மீதி இருக்கிற அந்த 500. பிள்ளை வளர வளரக் கம்பும் மாறும். சீருடையைத் தடைக்காலம் முடிந்த பிறகு ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

மதுரைப் போட்டி வேண்டாம். இதை உறுதியாகச் சொல்கிறேன். போட்டிக்குப் போனால்தான் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால்தான் பிற்காலத்தில் அரசு வேலை என்று பெற்றோரிடம் சொல்கிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பது உண்மைதான். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டியில், உரிய மட்டத்தில் வாங்கிய பதக்கம் வேண்டும். ஏழு வயதில் காசு கட்டி வாங்குகிற கோப்பை அதில் சேராது. முதலமைச்சர் கோப்பையின் பள்ளிப் பிரிவே 12 வயதில்தான் தொடங்குகிறது. சிலம்பமும் அதில் உண்டு. உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. எந்தப் போட்டிக்குக் கூப்பிட்டாலும் நடத்துவது யார், எந்தச் சங்கம், அதற்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். அந்த 2,500 ரூபாய் ஆறு மாதக் கட்டணத்துக்கும் மேல்.

பாலிசியும் வேண்டாம். மாதம் 1,000 ரூபாய் என்றால் மே மாதமும் கட்ட வேண்டும். ஓரிரு வருடத்தில் நிறுத்த நேர்ந்தால் கட்டியது முழுதாகத் திரும்பி வராது. தவிர, இன்ஷூரன்ஸ் தேவைப்படுவது கடலுக்குப் போகிற மனிதருக்கு. அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் மத்திய அரசின் இரண்டு காப்பீடுகள் இருக்கின்றன: வருடம் 436 ரூபாயில் ஜீவன் ஜோதி, 20 ரூபாயில் சுரக்ஷா. முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும்; 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டாவது விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இரண்டுக்கும் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுப்பார்கள், அதுவும் சரியாகத் தடைக்காலத்தின் நடுவில். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வாரம் கணக்கு காலியாக இருந்து பாலிசி நின்றுபோகிறது. ஏப்ரல் 10க்குள் 456 ரூபாயைக் கணக்கில் போட்டுவிட்டு அதைத் தொடாதீர்கள்.

மகளுக்கென்று சேர்க்க செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும், மாதத் தவணை கிடையாது. மீன்பாடு நன்றாக இருக்கிற நாளில் 500 போடலாம், இல்லாத மாதத்தில் விட்டுவிடலாம். வட்டி இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு அறிவிக்கும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், போட்டோ எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போங்கள். பான் கார்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.