அழைத்தல் தெளியாத காலத்தில் ஒப்படைப்பு: கேள்வி பதில்

புதுவை, கடலூர் பங்குகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, துறவறம், குருத்துவம், திருமணம் ஆகியவற்றில் எதற்குக் கடவுள் தங்களை அழைக்கிறார் என்று தேடும் இளையோருக்குப் பல ஆண்டுகளாக வழித்துணையாக இருந்துவரும் துறவறச் சகோதரி ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 24 வயது. லாஸ்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். துறவறமா, திருமணமா என்று ஒரு வருடமாகக் குழம்புகிறேன். எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. என் ஒப்படைப்பு உண்மையானது இல்லையா?

பதில்: ஒப்படைத்த பிறகும் மனம் அலைபாய்வதால் ஒப்படைப்பு பொய்யாகிவிடாது, மகளே. கெத்சமனியில் இயேசு ஒரே முறை வேண்டிவிட்டு எழுந்து போய்விடவில்லை. மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு எழுதுகிறார். அதிலும், துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்ற தம் விருப்பத்தை மறைக்காமல் சொன்ன பிறகுதான் அதைத் தந்தையின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்தார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டார் என்ன நினைக்கிறார்கள், பங்குத்தந்தை என்ன சொன்னார், தோழி எந்தச் சபையில் சேர்ந்தாள் என்றெல்லாம் எழுதியிருக்கும் நீங்கள், உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்பதை ஓரிடத்திலும் எழுதவில்லை. தன் ஆசை இன்னதென்று தனக்கே சொல்லிக்கொள்ளாதவர் எதைத்தான் ஒப்படைக்க முடியும்?

முடிவெடுக்கும் வேலையைக் கடவுளின் தலையில் கட்டிவிட்டுக் காத்திருப்பதை நான் ஒப்படைப்பு என்று சொல்லமாட்டேன். இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் இதற்கென்றே சில வழிகளைத் தந்திருக்கிறார்: ஒவ்வொரு பாதையிலும் உள்ள நன்மைகளையும் இடர்களையும் தனித்தனியே எழுதி எடைபோடுவது, முன்பின் அறியாத ஒருவர் இதே குழப்பத்தோடு வந்தால் அவருக்கு என்ன அறிவுரை சொல்வோம் என்று யோசிப்பது, சாகும் தறுவாயில் திரும்பிப் பார்த்தால் இன்று எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்று எண்ணிப் பார்ப்பது. அப்படி எடுத்த முடிவை ஆண்டவர் முன் வைத்து, ‘இதை ஏற்று உறுதிப்படுத்தும், இல்லையேல் மாற்றும்’ என்று வேண்டுங்கள். ஒப்படைப்புக்குரிய இடம் அதுதான். முழு உறுதி வந்த பிறகே அடியெடுத்து வைக்கவேண்டும் என்று திருச்சபையே எதிர்பார்ப்பதில்லை. புகுமுகத் துறவு என்னும் தொடக்கப் பயிற்சிக்குக் குறைந்தது 12 மாதங்கள், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கும் துறவற வாக்குக்கு, குறைந்தது 3 ஆண்டுகள் என்று அதன் சட்டமே அவகாசம் தருகிறது.

கேள்வி: மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மாதா படத்தின் முன் திருவுளச்சீட்டுப் போட்டேன். முதலில் ‘போ’ என்று வந்தது. மறுவாரம் ‘போகாதே’ என்று வந்தது. எது இறைவனின் விருப்பம்?

பதில்: மூன்றாவது சீட்டையும் போட்டிருப்பீர்கள், தம்பி, அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தை மறுபடி படியுங்கள். யோவானின் திருமுழுக்கிலிருந்து ஆண்டவர் விண்ணேற்றம் அடைந்த நாள்வரை உடனிருந்தவராக இருக்கவேண்டும் என்று தகுதியை முதலில் வரையறுத்து, அதற்குப் பொருந்திய இருவரை நிறுத்தி, வேண்டிக்கொண்ட பிறகே சீட்டு வந்தது. தூய ஆவியார் இறங்கிவந்த பின்போ அந்நூலில் சீட்டுக்கு வேலையே இல்லை. 16ஆம் அதிகாரத்தில் பவுல் அன்றைய ஆசியா மாநிலத்துக்குப் போக முயன்றபோது தடை, பித்தினியாவுக்குத் திரும்பியபோதும் தடை. மாசிதோனியாவுக்கு வரச்சொல்லும் காட்சி கிடைத்தது, அவர் இப்படி நடந்துகொண்டே துரோவாவை அடைந்த பிறகு. நீங்களும் பங்கில் ஏதேனும் ஒரு பணியை ஏற்றுச் செய்துகொண்டே தேடுங்கள்.

கேள்வி: முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். குருமடத்தில் மூன்றாண்டு படித்த என் மகன் திரும்பிவிட்டான். அவனுடைய வெள்ளை அங்கி இன்னும் பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டோமோ என்று பயமாக இருக்கிறது. உறவினர் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

பதில்: அம்மா, குருமடம் சோதித்துத் தெளிவதற்கான இடம். அங்கே தெளிந்து வெளியே வருவதும் அந்தச் சோதனையின் முறையான முடிவுகளில் ஒன்றுதான். குருத்துவத்துக்கு எவரையும் எவ்வகையிலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உறவினரின் பேச்சும் ஒருவகைக் கட்டாயமே.

பிரெஞ்சுத் துறவி சார்லஸ் தெ ஃபூக்கோவின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். 1890இல் கடுந்தவ வாழ்வுக்குப் பெயர்பெற்ற திராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் சேர்ந்தவர், 1897இல் அதைவிட்டு வெளியேறினார். நாசரேத்தில் கிளாரா சபைச் சகோதரிகளின் மடத்தில் எடுபிடி வேலை செய்தார், 1901இல் குருவானார், பின்பு சகாராவுக்குப் போனார். 1916இல் கொல்லப்பட்டபோது, அவர் கனவு கண்ட சபையில் அவரோடு நிலைத்திருந்த ஒருவர்கூட இல்லை. அவரைத்தான் 15 மே 2022 அன்று, நம் மண்ணின் தேவசகாயத்தோடு ஒரே திருப்பலியில், திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். தந்தையே, என்னை உம் கைகளில் விடுகிறேன் என்று மன்றாடிய அந்த மனிதர், பாதை மாறிய ஒவ்வொரு முறையும் அதை மறுபடி மன்றாட வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம். அங்கியை என்ன செய்வது என்பதை மகனிடமே கேளுங்கள். அவன் சொல்லும்வரை அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவேண்டாம்.

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன், நர்சிங் முடித்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டுச் சபையில் சேரலாமா?

பதில்: கூடாது, மகளே. அடைக்க முடியாத கடன் உள்ளவரைப் புகுமுகத் துறவில் ஏற்கக்கூடாது என்று சட்டம் சபைத் தலைவியரையே தடுக்கிறது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று கடவுளின் கணக்கில் எழுதிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காணலாம். வேலையில் சேர்ந்து தவணையைக் கட்டுங்கள். அந்த மாதங்களும் அழைத்தலுக்கு வெளியே கழிகிற காலமல்ல. நீங்கள் விரும்பும் சபையின் அழைத்தல் ஊக்குநரிடம் கடன் விவரத்தை மறைக்காமல் சொல்லி, வயது வரம்பையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பயிற்சியில் இருக்கும் சகோதரன். சில வாரங்களாக ஜெபம் வறண்டுவிட்டது. விட்டுப் போய்விடலாம் என்று தோன்றுகிறது.

பதில்: போவதா இருப்பதா என்பதை இன்று தீர்மானிக்கவேண்டாம், தம்பி. மனம் இருண்டிருக்கும் வேளையில் எந்த மாற்றமும் செய்யாமல், அதற்கு முந்திய நாளில் எடுத்திருந்த முடிவிலேயே நிற்கவேண்டும் என்பது இஞ்ஞாசியாரின் விதி. ஜெப நேரத்தைக் குறைக்காமல் சிறிது கூட்டவும் சொல்கிறார். தூக்கமும் பசியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஆன்ம வழிகாட்டியிடம் இந்த வாரமே பேசுங்கள். தெளிவும் அமைதியும் திரும்பிய பிறகும் வெளியேறும் எண்ணம் மாறாமல் இருந்தால், அப்போது அது ஆராயத்தக்க எண்ணம்.