ஐடிபி வரைவுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என் அம்மா தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் பகுதியில் உள்ள காலைச் சந்தையில் முப்பது வருடமாகக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மடும்பிக் கிழங்கு விற்கிறார். வீடு சாட்ஸ்வர்த்தில். மாநகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்ட (ஐடிபி) வரைவுக்குக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். 'எல்லாருக்குமான, நீடித்து நிற்கும் வளர்ச்சி' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அம்மா மாதிரி ஆட்களுக்கு நிஜமாகவே ஏதாவது கிடைக்க என்ன எழுதி அனுப்பலாம்?

பதில்: அந்த அழகான பக்கங்களில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 'எல்லாருக்கும்' என்பதை எந்த மாநகராட்சிதான் வேண்டாம் என்று சொல்லும்? நேரே பின்பக்கத்துக்குப் போய் மூலதனச் செலவுப் பட்டியலையும் வரைபடத்தையும் பாருங்கள். எந்த வார்டில், எந்த வடிகாலுக்கு, எந்த வருடம், எத்தனை ரேண்ட் என்று அங்கேதான் இருக்கும். வார்விக் என்ற பெயர் அந்தப் பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் கடிதத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.

அடுத்து, வேலைக் கணக்கு. 2009-இல் உங்கள் அம்மாவின் சந்தையை இடித்து அங்கே மால் கட்டக் கிளம்பியது நினைவிருக்கும். 1910-இல் தொடங்கிய சந்தை அது. மாலில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்றுதான் பேச்சு. எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதையும் எண்ண வேண்டாமா? விடியும் முன் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர், தள்ளுவண்டிக்காரர், தோட்டக்காரர், அம்மாவிடம் ஒரு பெட்டி மிளகாய் வாங்கிப் பிரித்து டாக்ஸி நிறுத்தத்தில் விற்கும் பெண்... ஒரு கடை போனால் பின்னால் இத்தனை பேர். வியாபாரிகள் வீதிக்கு வந்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். நிலத்தை மாலுக்குக் குத்தகை விடும் முடிவை 2011-இல் கவுன்சில் ரத்து செய்தது. ஆகவே எழுதுங்கள்: "ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் வரும் வேலை, போகும் வேலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்." இந்த ஒரு பத்தி இல்லாத வளர்ச்சித் திட்டத்தை நான் நம்புவதே இல்லை.

சரி, கேட்பது என்ன? சின்னதாகவும் திட்டவட்டமாகவும் கேளுங்கள். வார்விக்கே அதற்குச் சாட்சி. பாதியில் நின்றுபோன மேம்பாலத்தை 90-களில் மூலிகைச் சந்தையாக மாற்றினார்கள். மாட்டுத்தலை சமைக்கிறவர்களுக்கும் மீலி என்ற மக்காச்சோளம் வேகவைக்கிறவர்களுக்கும் தனியிடம் அமைத்தார்கள். பெரிய கோபுரம் எதுவும் எழும்பவில்லை. தண்ணீர், கூரை, இரவில் சரக்கைப் பூட்டி வைக்க ஓர் அறை, அவ்வளவுதான். குழாயடிக்குப் பத்து நிமிடம் நடப்பவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் குழாய் இருப்பவருக்கும் நாள் வருமானமே வேறு. இதை உங்கள் அம்மாவிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: எத்தனை கடைக்கு எத்தனை குழாய், மழையில் எந்த மூலை ஒழுகுகிறது, கழிவறை எத்தனை மணிக்குத் திறக்கிறது.

'நீடித்து நிற்கும்' என்ற பகுதியில் மரம் நடுவதும் சூரிய மின்சாரமும் இருக்கும். இருக்கட்டும். டர்பனுக்கு முதல் கேள்வி வெள்ளம். 2022 ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே மூழ்கி மாதக்கணக்கில் நின்றது. ஆற்றுப் படுகையில் கட்டினால் தொழிற்சாலையும் தப்பாது, குடிசையும் தப்பாது. ஓடைகளில் சேரும் குப்பை, சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட்டை அடைப்பதாலும் சேதம் வருகிறது. அந்தந்த ஊர்க்காரர்களைக் கூட்டுறவாகச் சேர்த்துக் கூலி கொடுத்து ஓடை சுத்தம் செய்யும் சிஹ்லன்சிம்வேலோ என்ற திட்டம் மாநகராட்சியிடமே இருக்கிறது. வேலையும் கிடைக்கிறது, வெள்ளமும் குறைகிறது. சாட்ஸ்வர்த் வழியே ஓடும் உம்லாத்துசானா ஆற்றுக்கும் அதை நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்கள். நியாயமும் நீடிப்பும் ஒரே செலவு வரியில் சேர்வது இம்மாதிரி இடங்களில்தான்.

ஒரு விஷயம் கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "நம்ம ஆளுங்க கடை" என்று மட்டும் கடிதம் போனால் ஓரங்கட்டிவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. உள்ளே கடை போட்டிருக்கும் தமிழ் அம்மாவுக்கும் வெளியே தரையில் விரித்திருக்கும் ஜூலு அம்மாவுக்கும் கூரைப் பிரச்சினையும் தண்ணீர்ப் பிரச்சினையும் ஒன்றுதான். 2009-இல் இருவரும் சேர்ந்து நின்றதால்தான் சந்தை தப்பியது. கையெழுத்தையும் சேர்ந்தே வாங்குங்கள். ஆங்கிலத்தோடு ஜூலுவிலும் ஒரு பிரதி இருந்தால் நல்லது.

இனி நாள் கணக்கு. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. 2003-ஆம் ஆண்டின் மாநகராட்சி நிதி நிர்வாகச் சட்டப்படி, வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து போகும் பட்ஜெட் வரைவு 90 நாளுக்கு முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள், கவுன்சிலில் வைக்கப்பட வேண்டும். மே கடைசிக்குள் கவுன்சில் அதை ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ளும். நடுவில் உள்ள வாரங்கள்தான் உங்களுக்கு. வந்த கருத்துகளைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கூட்டத்தில் மைக் கிடைத்துப் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். நான் ஒரு முறை அப்படி அரை மணி நேரம் பேசினேன், கைதட்டலும் கிடைத்தது, குறிப்பேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ பதில் மின்னஞ்சலோ வாங்கி வையுங்கள். கவுன்சிலருக்கும் வார்டு கமிட்டிக்கும் ஒரு பிரதி.

பட்ஜெட் நிறைவேறி 28 நாளுக்குள் மேயர் ஒரு செயலாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். காலாண்டுக்குக் காலாண்டு என்ன முடியும் என்பது அதில் இலக்காக இருக்கும். யாரும் கண்டுகொள்ளாத ஆவணம் அது. நீங்கள் கண்டுகொள்ளுங்கள். முதல் காலாண்டு செப்டம்பரில் முடியும். அக்டோபர் முதல் வாரம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கவுன்சிலரிடம் போய், "இந்தக் குழாய் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள்.