40 ஷில்லிங் கூடுதலாகக் கிடைத்த நாடகம்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' பாடம். எலிசபெத் காலம், மறுமலர்ச்சி, அச்சு இயந்திரம் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு தருகிறார்கள். நாடகத்துக்குள் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நாடகத்தை மட்டும் படித்தால் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் வாசிப்புக்குப் போதும். மறுமலர்ச்சி பற்றிய அந்த நாலு பக்கம் எந்த நாடகத்துக்கும் பொருந்தும், அதனால்தான் எதற்கும் உதவுவதில்லை. (மதிப்பெண்ணுக்கு உதவும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.)

அப்புறம் நான்காம் அங்கத்துக்கு வாருங்கள். ரிச்சர்ட் கிரீடத்தின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைப் பிடிக்கும்படி தன் அரியணையைப் பறிக்கும் போலிங்புரோக்கிடம் சொல்வானே, அந்த இடம். 1597இல் நாடகம் முதன்முதலில் அச்சானபோது சுமார் 160 வரி கொண்ட அந்தப் பகுதி அதில் இல்லை. 1598இன் இரண்டு பதிப்புகளிலும் இல்லை. ராணி எலிசபெத் 1603இல் இறந்தார். 1608 பதிப்பில்தான் அது அச்சேறியது. தணிக்கையில் போனதா, பிறகு எழுதிச் சேர்த்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்குத் தணிக்கை என்றே படுகிறது. காரணம் நாடகத்திலேயே இருக்கிறது: எத்தனை துயரமான காட்சியைக் கண்டோம் என்று மடத்துத் தலைவர் புலம்பும் வரி 1597 பதிப்பிலும் உண்டு. அந்தக் காட்சியில் ரிச்சர்ட் மேடைக்கே வராத அந்தப் பதிப்பில் அவர் எதைக் கண்டு புலம்புகிறார்? ராணிக்கோ வயதாகிவிட்டது, பிள்ளையும் இல்லை. அரசன் முடியிழக்கும் காட்சியை அப்போது அச்சில் விடுவது சாதாரண விஷயமில்லை.

பயம் வீண் இல்லை என்பது 1601 பிப்ரவரியில் தெரிந்தது. ராணியிடம் செல்வாக்கிழந்திருந்த எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் ஷேக்ஸ்பியரின் குழுவிடம் போய், ரிச்சர்ட் முடியிழந்து கொல்லப்படும் நாடகத்தைப் போடச் சொன்னார்கள். அது பழசு, கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்க, வழக்கமான வசூலுக்கு மேல் 40 ஷில்லிங் தருவதாகப் பேசி முடித்தார்கள். 7ஆம் தேதி நாடகம், மறுநாள் எசெக்ஸின் கலகம். லண்டன் மக்கள் யாரும் கூடச் சேரவில்லை, அன்றே பிசுபிசுத்தது. 25ஆம் தேதி அவர் தலை போயிற்று. குழுவின் சார்பில் அகஸ்டின் பிலிப்ஸ் விசாரணையில் வாக்குமூலம் தந்தார். மேலே சொன்ன 40 ஷில்லிங் கதை அதிலிருந்து வருவதுதான். நடிகர்களைத் தண்டிக்கவில்லை. எசெக்ஸ் சாவதற்கு முந்தின நாள் அதே குழு ராணியின் அரண்மனையில் நாடகம் போட்டது!

'நான்தான் இரண்டாம் ரிச்சர்ட், தெரியாதா?' என்று எலிசபெத் சொன்னதாக ஒரு வரி உங்கள் குறிப்பிலும் இருக்கும். அதன் ஆதாரம் சந்தேகத்துக்குரியது, அதை நம்பி விடை எழுதாதீர்கள். பிலிப்ஸின் வாக்குமூலம் சின்னதுதான், தேடிப் படியுங்கள். நல்ல பதிப்பு என்றால் அந்த 160 வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அடிக்குறிப்பில் காட்டியிருப்பார்கள். அதை விட்டு ஒருமுறையும் சேர்த்து ஒருமுறையும் படித்துவிட்டு எழுதுங்கள்.