பிளேட் போதுமா, ஸ்டெம்மையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. 11 வருடத்துக்கு முன் வலது இடுப்பு மூட்டு மாற்றினோம். நேற்று பாத்ரூமில் வழுக்கி விழுந்து, அதே தொடை எலும்பு உடைந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 'வான்கூவர் பி1' என்று இருக்கிறது. வியாழக்கிழமை பிளேட் வைக்கப் போகிறார்கள். இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஏழு மாதமாகவே எழுந்து நடந்தால் தொடை வலிக்கிறது என்பார், மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பழைய தழும்பு அரிக்கிறது, மெட்ரோ சோதனையில் பீப் அடிக்கும். அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாரா?

பதில்: எழுந்து நடக்க வைக்கத்தானே அம்மாவுக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். இணையத்தை முதலில் மூடி வையுங்கள். வான்கூவர் என்பது நோயின் பெயர் அல்ல, கனடாவில் ஓர் ஊர். டங்கன், மஸ்ரி என்ற எலும்பு மருத்துவர்கள் 1995இல் எழுதிய பிரிவு முறைக்கு அந்தப் பெயர். ஸ்டெம் என்பது செயற்கை மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கியிருக்கும் உலோகத் தண்டு. அதைச் சுற்றியோ அதன் நுனியை ஒட்டியோ எலும்பு உடைந்தால் பி. அதில் ஸ்டெம் கெட்டியாக இருந்தால் பி1, கழன்றிருந்தால் பி2, கழன்று எலும்பும் நைந்து போயிருந்தால் பி3.

பி1 என்றால் பிளேட்டும், எலும்பைச் சுற்றிக் கட்டும் கம்பியான கேபிளும் போட்டு இறுக்கினால் போதும். ஆனால் ஸ்டெம் கழன்றிருக்கும்போது பிளேட் மட்டும் வைப்பது, ஆடுகிற தூணுக்கு வெளியே கட்டுப் போடுவது மாதிரி. கொஞ்ச நாளில் பிளேட்டே உடையலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஏழு மாத வலிதான் எனக்கு உறுத்துகிறது. நாற்காலியை விட்டு எழுந்து முதல் நாலைந்து அடிக்குத் தொடையில் சுருக்கென்று வலித்து, நடக்க நடக்கக் குறைந்ததா? ஸ்டெம் உள்ளே அசைகிறது என்பதற்குப் பல சமயம் அதுதான் அறிகுறி. அன்றைக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். வலி மாத்திரை அதை மூடி மறைத்துவிட்டது. இனி யாருக்கும் அப்படி வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கே சர்ஜனிடம் இந்த வலியைச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்கள் அலமாரியில் எங்கே இருந்தாலும் தேடி எடுத்துக் கொடுங்கள். புதுப் படத்தோடு வைத்துப் பார்த்தால், ஸ்டெம் கீழே இறங்கியிருந்தால் தெரியும். படத்தில் பி1 போலத் தெரிவது, ஆபரேஷனில் ஆட்டிப் பார்த்தால் பி2 ஆவதுண்டு. அப்படியானால் பழையதை எடுத்துவிட்டு வைக்க நீள ஸ்டெம் தயாராக இருக்குமா என்றும் கேளுங்கள். அது உடைந்த இடத்தைத் தாண்டி, எலும்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது கீழே இறங்க வேண்டும். கழன்றிருந்தால் அதற்குக் கிருமி காரணமா என்றும் பார்ப்பார்கள்.

தழும்பு அரிப்பு, மெட்ரோ பீப் இரண்டையும் விடுங்கள். சரியாகப் பொருத்திவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் உட்கார வைத்து, வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதை மட்டும் சர்ஜன் சொல்கிறபடி கேளுங்கள்.