கரிம வேதியியல் இரண்டாம் தாளை விட்டுவிடலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தையும், உடன் வைத்திருந்த, உங்கள் மகள் படிக்கும் உயிரியல் பட்டப்படிப்பின் புதிய பாடத்திட்ட வரைவையும் இரண்டு முறை படித்தேன். ‘பாதிப் படிப்பில் விதியை மாற்றுகிறார்களே, இவள் இதுவரை படித்தது வீணாகிவிடுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. உங்கள் கையில் இருப்பது வரைவு மட்டும்தான். துறை ஆசிரியர்கள் விவாதித்து, பாடத்திட்டக் குழு பார்த்து, பல்கலைக்கழக அளவில் ஒப்புதல் கிடைத்த பிறகே அது விதியாகும். அதற்குள் இதில் எத்தனையோ வரிகள் அடிபடும். விதியானாலும், சேர்ந்த ஆண்டின் விதிப்படியே படிப்பை முடிக்கலாம், விரும்பினால் புதியதற்கு மாறிக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே படிப்பவர்களுக்கு இடம் கொடுப்பது பரவலான வழக்கம். உங்கள் மகளின் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தானா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நடைபாதையில் நின்றபடி யாரோ ‘கவலைப்படாதே’ என்று சொன்னதெல்லாம் பட்டம் வாங்கும் நாளில் உதவாது. இன்னொன்று, நீங்கள் கேட்காதீர்கள், அவளே கேட்கட்டும். பெற்றோருக்குத் தரும் பதிலைவிட மாணவிக்குத் தரும் பதில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்பது என் அனுபவம்.

இனி வரைவுக்கு வருகிறேன். நுண்கணிதத்தின் (கால்குலஸ்) இரண்டாம் தாளை எடுத்துவிட்டுப் புள்ளியியலைக் கட்டாயமாக்குகிறார்கள். ‘கணக்கைக் குறைத்துத் தரத்தைத் தாழ்த்துகிறார்கள்’ என்று நீங்கள் வருந்தியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரபியலின் தந்தை எனப்படும் மெண்டல் பட்டாணி விதைகளை எண்ணியபோது 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. வகுத்துப் பார்த்தால் 2.96. இதை மூன்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாமா, அந்தச் சிறு விலகல் தற்செயலா, இல்லை வேறு காரணம் உண்டா? உயிரியலில் எந்த ஆய்வைத் தொட்டாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டும். அதற்கு விடை சொல்வது புள்ளியியல். நுண்கணிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நொதி வினையின் வேகத்தையும் உயிரினத் தொகையின் ஏற்ற இறக்கத்தையும் புரிந்துகொள்ள அது வேண்டும். ஆனால் பெரும்பாலான மாணவர்களுக்கு முதல் தாளே போதும். கணித மாதிரிகளில் மேற்படிப்பு செய்ய விரும்புகிறவர்கள் மட்டும் இரண்டாம் தாளை விருப்பப் பாடமாக எடுக்கட்டும்.

இயற்பியலை இரண்டு பருவத்திலிருந்து ஒன்றாகக் குறைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நரம்பில் செய்தி எப்படிப் பாய்கிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் விளக்கியபோது நரம்புச் சவ்வை ஒரு மின்சுற்றாகவே எழுதிக் காட்டினார்கள். டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டறிய எக்ஸ் கதிர்ப் படங்கள் தேவைப்பட்டன. அந்த வடிவத்தை முன்வைத்த இருவரில் ஒருவரான கிரிக், இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். மெண்டலும் வியன்னாவில் டாப்ளரிடம் இயற்பியல் பயின்றவர்தான். பெரும்பாலும் முதல் பருவத்தில் விசையும் இயக்கமும், இரண்டாவதில் மின்சாரமும் ஒளியும் வரும். உயிரியல் மாணவிக்கு அதிகம் உதவும் பாதி எதுவோ, அதுதான் இப்போது போகப் பார்க்கிறது. மாணவர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றால் உங்கள் மகள் இதை ஒரு பத்தி எழுதி அனுப்பலாம்.

நீங்கள் அதிகம் கேட்டிருப்பது வேதியியலைப் பற்றி. கரிம வேதியியலின் இரண்டாம் தாள் கட்டாயமில்லை, அதன் இடத்தில் உயிர்வேதியியல் என்கிறது வரைவு. இந்த மாற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஆய்வகத்தில் புதிய சேர்மங்களைத் தொகுக்கும் வழிகளை விட, செல்லுக்குள் சர்க்கரை எப்படிச் சிதைகிறது என்பது இவளுக்கு அருகில் இருக்கும் விஷயம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் தேர்வும் 2015-இல் மாறியபோது உயிர்வேதியியலுக்குக் கூடுதல் இடம் தந்தது. ஆனால் துறை ‘வேண்டாம்’ என்று சொல்வதும் அடுத்த வாசலில் நிற்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதும் ஒன்றல்ல. மருத்துவம், மருந்தியல், கால்நடை மருத்துவம் என எந்தப் பக்கம் போனாலும் அவரவர் நுழைவு நிபந்தனை வேறு. சில இடங்களில் கரிம வேதியியல் இரு பருவமும் கேட்பார்கள்; சில இடங்களில் இரண்டாவதற்குப் பதில் உயிர்வேதியியலை ஏற்பார்கள். எங்கே விண்ணப்பிக்க எண்ணமோ, அந்த இடங்களின் நிபந்தனைகளைத் தேடிப் படிக்காமல் அந்தத் தாளை விடக்கூடாது. துறையின் பட்டியல் பட்டம் தரும் அளவுக்குத்தான் போட்டது. அவள் போக வேண்டிய இடத்துக்கு அது போதுமா என்பதைத் துறை பார்க்காது. அதைப் பார்ப்பது அவர்கள் வேலையும் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை உங்கள் கடிதம் குறிப்பிடவே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவனுக்குப் பழைய விதிப்படியே முடிக்க உரிமை இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பழைய மரபியல் தாளைக் கற்பிப்பதையே நிறுத்திவிட்டார்கள். புதிய மரபியல் தாளில் சேரப் புள்ளியியல் முடித்திருக்க வேண்டும், அவன் முடிக்கவில்லை. மரபியல் இல்லாமல் மூலக்கூறு உயிரியல் கிடையாது, அது இல்லாமல் கடைசி ஆண்டு ஆய்வகத் தாள் கிடையாது. ஒரு சிறு கண்ணி அறுந்ததில் ஒரு பருவம் முழுக்கப் போய்விட்டது. யாரும் தவறு செய்யவில்லை என்றார்கள். ஒருவகையில் அதுவும் உண்மைதான். எனவே ‘பழைய விதி எனக்குப் பொருந்துமா’ என்ற கேள்வியோடு நிறுத்தாமல், ‘பழைய தாள்கள் எந்தப் பருவம் வரை நடக்கும், நின்றுபோனால் எது மாற்றாக ஏற்கப்படும்’ என்றும் அவள் கேட்க வேண்டும்.

மற்றவை சிறியவை. நிரலாக்கம் ஒரு தாள் சேர்வது நல்லது. மனித மரபணுத் தொகுதியில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள், கையால் எண்ண முடியாது. கள ஆய்வு ஒரு வாரம் கட்டாயம் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே, செலவை யார் ஏற்பது என்று மட்டும் அவளைக் கேட்கச் சொல்லுங்கள். தாவரவியலையும் விலங்கியலையும் ‘உயிரினப் பன்மை’ என்று ஒரே தாளில் அடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சேர்க்கும்போது நெரிசலில் முதலில் வெளியே தள்ளப்படுவது எப்போதும் தாவரங்கள்தான்.

இப்போது செய்ய வேண்டியது: மீதமுள்ள நான்கு பருவங்களுக்கும் கட்டம் போட்டு, பழைய விதிப்படி ஒரு காகிதத்திலும் புதிய விதிப்படி இன்னொரு காகிதத்திலும் அவள் பாடங்களை நிரப்பட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே அதற்கு முன் முடித்திருக்க வேண்டியது எது என்று எழுதட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எங்கே சிக்கும் என்று அவளுக்கே தெரியும். அடுத்த பருவத்தில் புள்ளியியலை எடுத்துவிடச் சொல்லுங்கள். எந்த விதி வந்தாலும் அது பயன்படும். நிரப்பியதை எனக்கு அனுப்பட்டும், நானும் பார்க்கிறேன். கரிம வேதியியல் இரண்டாம் தாள் வரும் கட்டத்தில் மட்டும் இப்போதைக்குப் பென்சிலால் எழுதட்டும்.